முட்டைக்கோசுக்கு நடுவே ஒரு டீசல் கார்

என் மனைவியின் தம்பி நல்ல மெக்கானிக். சுலபத்தில் அடுத்தவனை நல்லவன் என்று சொல்லிவிடுகிற ஆள் இல்லை நான், அதனால் இந்த வார்த்தைக்கு ஒரு மதிப்பு உண்டு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தலையில் சாக்கை மடித்து வைத்து, அதன்மேல் ஐஸ் கட்டியைச் சுமந்து, கரைவதற்குள் விற்க வேண்டுமே என்று ஓடி ஓடி விற்றேன். இன்றைக்குச் சொந்தமாக ஐஸ் பேக்டரி. பக்கத்திலேயே லாரி உள்ளே நுழைகிற அளவுக்கு ஒரு குளிர்கிடங்கு. இந்த வட்டாரத்தில் எவன் வீட்டு முட்டைக்கோஸ் வாடாமல் இருந்தாலும் அதற்குக் காரணம் நான்தான். என் கதையை எழுத ஆரம்பித்தால் காகிதம் பத்தாது. மைத்துனன் கதைக்கு வருகிறேன்.

அவனுக்கு ஊர் வைத்த பெயர் பத்துமணிப்பூ. தொட்டியில் படருமே, வெயில் நன்றாக ஏறினால்தான் இதழ் விரிக்குமே, அந்தப் பூ. இவனும் அதே ஜாதி. வெயில் சன்னல் வழியாக வந்து மூக்கில் உட்கார்ந்தால்தான் ஒரு கண் திறப்பான். அடுத்த கண்ணுக்குக் காபி வேண்டும். பிறந்ததே பட்டப்பகலில்தானாம். "அப்பவும் அவனா வெளிய வரல, மருத்துவச்சி சத்தம் போட்டுத்தான் வந்தான்" என்று என் மாமியார் சொல்லியிருக்கிறார்.

எழுப்பிப் பார்க்காமல் இல்லை. அலாரம் வைத்தோம், பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்து நிறுத்திவிட்டுப் போனார். என் மனைவி பாத்திரத்தைத் தட்டினாள், பாத்திரம்தான் நசுங்கியது. கடைசியில் நானே பேக்டரியிலிருந்து ஒரு ஐஸ் கட்டியைக் கொண்டுவந்து அவன் வயிற்றில் வைத்தேன். என் ஐஸ் என்றால் சும்மாவா, எருமையே துள்ளிக் குதிக்கும். இவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஃபேனைக் கொஞ்சம் குறைங்க அத்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

ஆனால் எழுந்துவிட்டால் வேலையில் புலி. என் பேக்டரிக்கு எதிர்ச் சந்தில் தகரக் கூரை போட்ட ஷெட். காரின் மின்சார வேலை என்றால் அவன்தான். கண்ணை மூடிக்கொண்டு வயரைத் தடவினாலே அது எங்கே போய் முடிகிறது என்று சொல்லிவிடுவான். கண்ணை மூடிக்கொள்வதில் அவனுக்கு அனுபவம் அதிகம்.

நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போகிற வேளையெல்லாம் இவன் தூங்குகிற வேளையாக அமைந்துவிட்டது. என் மனைவிக்கு அது ஒரு தீராத தலைவலி. தம்பி பேச்சு வந்தாலே என்னைப் பார்த்து முறைப்பாள், நான்தான் அவனுக்குத் தாலாட்டுப் பாடுகிறேன் என்பதுபோல.

அப்படி இருக்கும்போதுதான் ரொட்டிக்காரம்மாவின் கார் அந்த ஷெட்டுக்கு வந்தது.

ரொட்டிக்காரம்மா எங்கள் தெருக்கோடியில் அப்பா விட்டுப்போன அடுப்பைத் தனியாக எடுத்து நடத்துகிறவள். வயது கேட்டால் அடிப்பாள், அதனால் நான் கேட்டதில்லை. முழங்கை வரை சூட்டுத் தழும்பு, புருவத்தில் மாவு. கல்யாணத்துக்கு நேரம் இல்லை என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டவள். ஒரு பழைய டீசல் கார் வைத்திருக்கிறாள். பின் சீட்டைக் கழற்றிவிட்டு, ரொட்டித் தட்டு அடுக்கப் பலகை போட்டிருக்கிறாள். இருட்டுப் பிரிவதற்கு முன்னால் கிளம்பினால்தான் கடை கடையாக ரொட்டி இறக்க முடியும். அந்தக் கார்தான் அந்த நேரத்தில் கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடித்தது.

"சாவியைத் திருப்பினா சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. அப்புறம் வெள்ளைப் புகையா கக்குது. அடுப்புல நிக்கிற ரெண்டு பேரும் வெளிய வந்து தள்ளுறாங்க. தெரு நாய்கூட எங்களைப் பார்த்தா ஓடுது" என்றாள்.

மைத்துனன் சாவியை வாங்கித் திருப்பினான். கார் ஒரே உறுமலில் கிளம்பியது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. அவள் ஊர் முழுக்க ரொட்டி இறக்கிவிட்டு நேராக வந்திருந்தாள்.

"நல்லாத்தானே இருக்கு?"

"இப்ப நல்லா இருக்கும். காலைல வந்து பாருங்க."

"காலைலதானே பார்க்கிறேன்" என்றான் அவன், இப்போதுதான் பல் தேய்த்த வாயோடு.

இந்த இடத்தில் நான் ஒன்றை விளக்க வேண்டும். டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சின் மாதிரி தீப்பொறி கிடையாது. உள்ளே காற்றைப் போட்டு அமுக்கு அமுக்கென்று அமுக்கினால் அது சூடாகும். அந்தச் சூட்டில் டீசல் பற்றிக்கொள்ளும். விடியற்காலைக் குளிரில் இரும்பே அந்தச் சூட்டைக் குடித்துவிடும். அதற்காக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சுண்டுவிரல் அளவில் ஒரு ஹீட்டர் பிளக் வைத்திருப்பார்கள். சாவியைப் பாதி திருப்பினால் டேஷ்போர்டில் சுருள் படம் போட்ட ஒரு மஞ்சள் விளக்கு எரியும்; உள்ளே ஹீட்டர் பிளக் பழுக்கிறது, பொறு என்று அர்த்தம். விளக்கு அணைந்ததும் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால் இந்தச் சடங்கெல்லாம் தேவையில்லை. விளக்கு ஒருதரம் மின்னிவிட்டுப் போய்விடும்.

ஆக, இந்த நோய் ஒரு நாளைக்கு ஒரே ஒருதரம், விடியும்போதுதான் முகத்தைக் காட்டும். அதற்கப்புறம் தேடினாலும் கிடைக்காது. நம்ம பத்துமணிப்பூவோ இத்தனை வருஷத் தொழிலில் குளிர்ந்த எஞ்சினை நேரில் பார்த்ததே இல்லை. ஷெட்டில் ராத்தங்குகிற வண்டியைப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். தகரக் கூரை, கிழக்கு வாசல். இவன் எழுந்து வருவதற்குள் உள்ளே இருக்கிற வண்டியெல்லாம் வெந்து கிடக்கும். காலையில் வண்டி கிளம்பவில்லை என்று யாராவது சொன்னால், சிலருக்குப் பேய் தெரிகிற மாதிரி ஏதோ ஒரு மயக்கம் என்றுதான் அவன் நினைத்து வந்திருக்கிறான்.

இருந்தாலும் வேலை பார்த்தான். நான்கு ஹீட்டர் பிளக்கையும் டெஸ்ட் விளக்கு வைத்துச் சோதித்தான். நான்கும் நல்ல உயிரோடு இருந்தன. டீசல் பில்டரை மாற்றினான். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் பூட்டினான். ஒவ்வொரு வேலைக்கும் அவள் மறுநாள் வந்து, "இன்னைக்கும் தள்ளினோம்" என்பாள். அவன் சாவியைத் திருப்புவான். கார் சமர்த்தாகக் கிளம்பும். அவள் வந்து நிற்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் வேறு. ஒருநாள் அவள் வருவதற்குள் சட்டையை மாற்றியிருந்தான். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு என்னை இடித்தாள். நான் முன்னாலேயே பார்த்தாகிவிட்டது; என் கண்ணுக்குத் தப்புமா?

அங்கே நிறுத்தியிருந்தால் நல்லது. புத்தி கெட்டவன், ஒருநாள் சொல்லிவிட்டான்: "வண்டில கோளாறு இல்லைங்க. நீங்க சாவி திருப்புற விதம்தான் சரியில்ல. இப்படி, மெதுவா, பாசமா திருப்பணும்."

ரொட்டிக்காரம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். மாவு பிசைகிற கை. நான் மைத்துனன் கன்னத்துக்காகப் பயந்தேன்.

"என் பதினெட்டு வயசுலேர்ந்து இந்தக் காரை ஓட்டுறேன்" என்றாள். "வர்ற சனிக்கிழமை காலையில இது ஒரே சாவியில கிளம்பணும். கிளம்பலைன்னா அன்னைக்கே ஸ்கேன்காரன்கிட்ட விட்டுடுவேன். அப்புறம் இந்தச் சந்துப் பக்கம் எனக்கு என்ன வேலை?"

ஸ்கேன்காரன் என்பவன் மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்டு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன். எந்த வண்டி போனாலும் ஒரு டப்பாவைச் சொருகிப் பார்த்துவிட்டு எஞ்சினை இறக்கு என்பான். இந்தக் காரில் டப்பா சொருக ஓட்டையே கிடையாது. அதற்கும் எஞ்சினை இறக்கு என்றுதான் சொல்வான்.

அன்றைக்கு மத்தியானம் மைத்துனன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"கார் போனா போகுதுடா" என்று நான் ஆழம் பார்த்தேன்.

"கார் போனா அவங்களும் போயிடுவாங்க அத்தான்" என்றான். பிறகுதான் அக்கா பக்கத்தில் நிற்பதைப் பார்த்தான். காது சிவந்துவிட்டது.

"அப்போ நாளைக்கு விடியக்காலம் எழுந்து போய்ப் பாரேன்டா!" என்று என் மனைவி கரண்டியை ஆட்டினாள்.

"எழுந்திரிக்க முடிஞ்சா போக மாட்டேனா அக்கா? நீ என்னைப் பெத்த மாதிரி வளர்த்தவ, உனக்குத் தெரியாதா?"

அழுதுவிடுவான் போல இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. படித்தவனுக்கெல்லாம் இப்படி வராது. ஐஸ் சுமந்த தலைக்குத்தான் வரும்.

"மச்சான்," என்றேன், "உன்னை விடியலுக்குக் கொண்டுபோக எவனாலும் முடியாது. நான் விடியலை உன்கிட்ட கொண்டுவர்றேன்."

மறுநாள் ரொட்டி இறக்கி முடித்ததும் காரை நேராக என் குளிர்கிடங்குக்கு வரச் சொன்னேன். ரொட்டிக்காரம்மா வாசலில் நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "அண்ணே, இதுக்குள்ளயா?" என்றாள்.

"ஓட்டும்மா. லாரியே போகுது."

"முட்டைக்கோஸ் இருக்கே?"

"அது ஒதுங்கிக்கும்."

இரண்டு பக்கமும் கூரை முட்ட முட்டைக்கோஸ் மூட்டை. நடுவே கார். பானெட்டைத் திறந்து வைத்து, காற்றாடியை நேராக எஞ்சின் மேல் திருப்பினேன். போதாது என்று ஐஸ் கட்டிகளைக் கொண்டுவந்து சுற்றிலும் அடுக்கினேன். எஞ்சின் மேலேயே ஒன்றை வைக்கப் போனேன், "சூட்டு இரும்புல ஐஸ் வச்சா விரிசல் விட்டுடும் அத்தான்!" என்று மைத்துனன் ஓடி வந்து தடுத்தான். எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரிகிறதா என்று பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம். பொழுது சாயும்வரை கார் உள்ளே ஊறட்டும் என்று விட்டேன்.

சாயங்காலம் நாங்கள் உள்ளே போனபோது கார்க் கண்ணாடியெல்லாம் பனி பூத்திருந்தது. மைத்துனன் இரண்டு ஸ்வெட்டர் போட்டு, மேலே தன் அக்காவின் பூப்போட்ட சால்வையை முக்காடு போட்டுக்கொண்டு வந்தான். பேசினால் வாயிலிருந்து புகை. எஞ்சினைத் தொட்டவன் வெடுக்கென்று கையை எடுத்தான்.

"அய்யோ! இப்படித்தான் இருக்குமா?"

"தினமும் இப்படித்தான் இருக்கும்" என்றாள் ரொட்டிக்காரம்மா. அவள் சாதாரணப் புடவையில், வெறும் கையோடு நின்றுகொண்டிருந்தாள். அடுப்பிலிருந்து நேராக வந்தவளுக்கு அது காற்று வாங்குகிற மாதிரி இருந்ததாம்.

"நீங்களே திருப்புங்க. எப்பவும் திருப்புற மாதிரி" என்றான்.

அவள் திருப்பினாள். கர், கர், கர் என்று இழுத்தது. இருமியது. முக்கியது. கிளம்பவில்லை. மைத்துனன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பேய் இல்லை என்று சொல்லித் திரிந்தவன் எதிரில் பேய் வந்து நின்று வணக்கம் சொன்ன மாதிரி வாயைப் பிளந்துவிட்டான்.

"நிஜமாவே கிளம்பல அத்தான்!"

"அதைத்தான்டா அந்தப் பொண்ணு தொண்டைத்தண்ணி வத்தச் சொல்லுது!"

அப்புறம் அவன் புலியாகிவிட்டான். அவளை மறுபடி சாவியைப் பாதி மட்டும் திருப்பச் சொல்லி, டேஷ்போர்டையே பார்த்தான். சுருள் விளக்கு ஒருதரம் மின்னி அணைந்தது.

"இன்னொரு தரம்."

மறுபடி மின்னி அணைந்தது.

"பகல்ல ஷெட்டுல எப்படி எரிஞ்சுதோ அப்படியே எரியுது. அது தப்பு. இந்தக் குளிர்ல இது நிதானமா, ஒரு ஆள் கொட்டாவி விட்டு முடிக்கிற வரைக்கும் எரியணும்."

கொட்டாவிக் கணக்கில் அவனை யாரும் மிஞ்ச முடியாது, அதனால் நம்பினேன்.

டெஸ்ட் விளக்கின் ஒரு முனையைக் கார் உடம்பில் கவ்வவிட்டு, மறுமுனையை ஹீட்டர் பிளக்குகளை இணைக்கிற பட்டையில் வைத்தான். சாவியைத் திருப்பினால் அதுவும் மின்னலடித்துவிட்டு அணைந்தது. "பிளக்குக்குக் கரண்டு வந்து சேரல." கரண்டைத் திறந்து மூடுகிற ரிலேயில் வைத்தான், பேட்டரியிலிருந்து வருகிற பக்கம் நன்றாக எரிந்தது. "கரண்டு வாசல் வரைக்கும் வந்து நிக்குது. கதவைத் திறக்கிறவன் திறக்க மாட்டேங்குறான்." பல் கிட்டிக்க, சால்வை நழுவ, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கையை விட்டுத் துழாவினான். கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார். எஞ்சின் எவ்வளவு சூடு என்று சொல்வது அதன் வேலை. அதில் சொருகியிருந்த வயரைப் பிடுங்கினான்.

"இப்ப திருப்புங்க."

உள்ளே எங்கோ டக் என்று ஒரு சத்தம். சுருள் விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. டெஸ்ட் விளக்கும் பளிச்சென்று எரிந்தது. அந்தக் குளிரிலும் மைத்துனன் நெற்றியில் வியர்வை.

"இந்தப் பய பொய் சொல்லிக்கிட்டே இருந்திருக்கான். எஞ்சின் கொதிச்சுக் கிடக்கு, ஹீட்டர் வேண்டாம்னு. பிடுங்கி விட்டதும், இவன் பேச்சைக் கேட்டு ரிலேயைத் திறக்கிற கன்ட்ரோல் பாக்ஸ் பயந்துபோய், ரொம்பக் குளிர்னு நினைச்சு, முழுக் கரண்டும் கொடுக்குது."

"சுத்தி ஐஸ்கட்டி," என்றாள் ரொட்டிக்காரம்மா. "பக்கத்துல முட்டைக்கோஸ் வெடவெடன்னு நடுங்குது. அப்பவும் வெயில் ஏறிடுச்சுன்னு நினைச்சுக்குதா?"

"ஆமாங்க."

"இந்த வியாதி எனக்குத் தெரிஞ்ச இன்னொருத்தருக்கும் இருக்கு."

"அப்படியா, எந்த வண்டி?" என்று கேட்டான் முட்டாள். நான் முட்டைக்கோஸ் மூட்டைக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

விளக்கு அணைந்தது. அவள் சாவியை முழுக்கத் திருப்பினாள். ஒரே ஒரு கர். கார் கிளம்பிவிட்டது! கிளம்பிய கார் அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த புகையையெல்லாம் என் குளிர்கிடங்குக்குள்ளேயே விட்டது. நாங்கள் இருவரும் இருமிக்கொண்டு வெளியே ஓடினோம். அவள் மட்டும் காரோடு ரிவர்ஸில் வந்தாள். மறுநாள் முட்டைக்கோஸ் வியாபாரி ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, டீசல் வாசம் வருது?" என்றார். "பூச்சி வராது" என்று சொல்லி அனுப்பினேன். வியாபாரம் என்றால் அப்படி வாய் வேண்டும்.

வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "மெக்கானிக், நான் சாவி திருப்புற விதம் சரியா?"

"சரிங்க."

"அண்ணனுக்குக் கேக்கல."

"ரொம்பச் சரிங்க!" என்று சால்வைக்குள்ளிருந்து கத்தினான்.

மறுநாள் புது சென்சார் வாங்கிப் பொருத்தினான். ஆனால் அவள் விடுவாளா? "சனிக்கிழமை காலையில என் வாசல்ல கிளம்பினாத்தான் கணக்கு. நீங்களும் இருக்கணும். கிளம்பலைன்னா தள்ள ஆள் வேணும்ல?"

தலையை ஆட்டிவிட்டான். எப்படி எழுவது? அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். முதல் நாள் இருட்டியதும் போர்வையைச் சுருட்டிக்கொண்டு போய், அவள் வாசலில் நின்ற காரின் பின்னால், ரொட்டித் தட்டு அடுக்குகிற பலகையின் கீழேயே படுத்துவிட்டான். கார் பக்கத்தில் கர் கர் என்று முக்கினால் தூக்கம் கலைந்துவிடும், எழுந்து தள்ளலாம் என்பது கணக்கு.

என் ஐஸ் வண்டியும் அதே நேரத்தில்தான் கிளம்பும். வேடிக்கை பார்க்காமல் போவேனா? வாசலில் போய் நின்றேன். நல்ல பனி. ரொட்டிக்காரம்மா பின்கதவைத் திறந்தாள். பார்த்தாள். அடுப்பில் நிற்கிற இருவரும் சூடான தட்டுகளோடு வந்து, அவனைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

"எழுப்பட்டுமாக்கா?"

"எழுப்பினா எழுந்திரிப்பாரா? சுத்தி அடுக்குங்க."

தலைமாட்டில் பன், கால்மாட்டில் ரஸ்க், மேலே பலகையில் ரொட்டி என்று அடுக்கி முடித்தார்கள். அவள் போய் உட்கார்ந்தாள். சாவியைப் பாதி திருப்பினாள். சுருள் விளக்கு நிதானமாக எரிந்தது. விளக்கு அணைந்தது. திருப்பினாள். பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். புகை இல்லை, முக்கல் இல்லை. கார் கிளம்பி நின்று கொர்ரென்றது. பின்னாலிருந்து இன்னொரு கொர் அதற்குத் தாளம் போட்டது.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். இத்தனை நாளாகத் தெருவையே எழுப்பிய கார், தனக்குள் படுத்திருந்தவனை எழுப்பவில்லை. அவள் சிரித்து அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

நான் ஐஸோடு பின்னாலேயே போனேன். முதல் கடைக்காரர் பின்கதவைத் திறந்து, பன் தட்டை இழுத்து, உள்ளே ஒரு மூக்கைக் கண்டு ஒரு அடி பின்வாங்கினார்.

"என்னம்மா இது, புதுச் சரக்கா?"

"அதைத் தொடாதீங்க. அது விற்கிறதுக்கு இல்ல" என்றாள். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

எனக்கு வண்டியில் உட்கார முடியவில்லை. ஐஸை அப்படியே கடை வாசலில் இறக்கிப்போட்டுவிட்டு, வீட்டுக்கு ஓடி வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் தலையைக்கூட முடியாமல் கிளம்பி ரொட்டிக்காரம்மா வீட்டுக்கு ஓடினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கார் சுற்றி வந்து வாசலில் நின்றிருந்தது. தட்டெல்லாம் காலி. அவன் மட்டும் மிச்சம்.

வெயில் மூக்கில் பட்டதும் எழுந்தான். காதில் ரஸ்க் தூள். எங்களையெல்லாம் பார்த்துப் பதறினான்.

"கிளம்பிச்சா?"

"ஊரையே சுத்திட்டு வந்தாச்சு" என்றாள் அவள்.

அவன் முதலில் காரைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "அப்போ இனிமே ஷெட்டுக்கு வர மாட்டீங்களா?"

"ஷெட்டுக்கு எதுக்கு? நீங்கதான் இங்க வந்து படுத்துட்டீங்களே."

என் மனைவிக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், தம்பியை நன்றாகத் தெரிந்த பயம் ஒரு பக்கம். ரொட்டிக்காரம்மாவைத் தனியே இழுத்துக்கொண்டு போய், "பொண்ணே, பொய் சொல்ல மாட்டேன். இவனைக் கட்டிக்கிட்டு எப்படிம்மா குடித்தனம் பண்ணுவே? நீ எழுந்திரிக்கிற நேரத்துல இவன் பாதித் தூக்கத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டானே" என்றாள்.

"அதனாலதான் அண்ணி" என்றாள் அவள். "நான் கடை முடிச்சு வரும்போது இவர் எழுந்திரிப்பார். இவர் ஷெட்டை மூடிட்டு வரும்போது எனக்குக் கண்ணு சொருகும். சண்டை போட எங்களுக்கு மத்தியானம் மட்டும்தான் இருக்கு. அப்ப சாப்பிட்டுக்கிட்டு இருப்போம்."